இருபதுக்கு ஏழு

வாசலில் கிடந்த காலணிகளைப் பார்த்ததுமே நெஸ்டர் பாபியாக்குக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பதின்மூன்றாம் அளவில் ஒரு ஜோடி. பக்கத்தில் ஓர் ஆள் உள்ளே படுத்துத் தூங்கலாம் போன்ற ஹாக்கிப் பை. பையின் மேல் ஊர் டீமான கிளேமூர் பேட்ஜர்ஸின் முத்திரை, அதன் கீழே பத்தொன்பது என்ற எண்.

அந்தப் பத்தொன்பதைப் பற்றித்தான் அவர் அரைமணி நேரத்துக்கு முன்னால் எழுதி ஒட்டிவிட்டு வந்திருந்தார்.

செப்டம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு அது. பூசை முடிந்து, ஐஸ் ஹாக்கி ஆடும் ரிங்கின் கேன்டீனில் காபி குடித்து, வழக்கம்போல அறிவிப்புப் பலகையில் தன் காகிதத்தைக் குத்தியிருந்தார். 'நெஸ்டரின் மதிப்பீடு' என்று தலைப்பு. கிளேமூரில் அந்தக் காகிதத்தைப் படிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாதிரியார். இன்னொருவர் நெஸ்டரின் மனைவி லூபா.

நெஸ்டர் முப்பத்தொரு வருஷம் தானியக் கிடங்கில் கோதுமைக்குத் தரம் போட்டவர். ஒரு பிடி அள்ளி முகர்ந்து, நாலு மணியைக் கடித்துப் பார்த்து, முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற மறுவாரமே கோதுமையை விட்டுவிட்டு ஹாக்கிப் பையன்களைப் பிடித்துக்கொண்டார். கடித்துப் பார்க்க முடியாது என்பதைத் தவிர வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவர் கருத்து. கால், கை, தலை, நெஞ்சு என்று நாலு பாடம். பாடத்துக்கு ஐந்து மார்க். பன்னிரண்டு வருஷமாக ஆட்டப் பருவத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

அன்றைய காகிதத்தில் இப்படி இருந்தது: 'எண் 19. கோல்பி அன்ரூ. வயது பதினெட்டு. கால்: ஒன்று. கதவு மாதிரித் திரும்புகிறான். கை: மூன்று. தலை: ஒன்று. நெஞ்சு: இரண்டு. மொத்தம் ஏழு. தேறமாட்டான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மூட்டை கட்டிவிடுவான்.'

மூட்டை வாசலில்தான் இருந்தது. ஆனால் கட்டிக்கொண்டு போகிற மாதிரித் தெரியவில்லை.

சமையலறையில் கோல்பி அன்ரூ மூன்றாவது கிண்ணம் பீட்ரூட் சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா? கையைக் கழுவிட்டு உக்காரு," என்றாள் லூபா. "இது கோல்பி. இனிமே நம்ம கீழ் ரூம்லதான் இருப்பான்."

வெளியூரிலிருந்து வரும் ஜூனியர் ஆட்டக்காரர்களை ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் வைத்துக்கொள்வது வழக்கம். பையன் ஒருவனை வைத்துக்கொள்ளவேண்டும் என்று லூபாவுக்கு வெகுநாள் ஆசை. மார்க் போடுகிறவன் வீட்டில் மார்க் வாங்குகிறவன் சாப்பிடக்கூடாது என்று சொல்லி நெஸ்டர் தட்டிக் கழித்து வந்தார். இப்போது கோல்பி தங்கியிருந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து, அவன் கட்டில் மிதந்துவிட்டது. லூபா யாரையும் கேட்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய் அவனை ஏற்றி வந்துவிட்டாள்.

பையன் மரியாதையாக எழுந்து நின்றான். மேலே தொங்கிய விளக்கில் தலை இடித்தது. தலைக்குப் போட்ட ஒன்று சரிதான் என்று நெஸ்டர் நினைத்துக்கொண்டார்.

"சார், ரிங்க் போர்டுல எழுதறது நீங்கதானா?"

"கையெழுத்து என்னோடதுதான்."

"டீம் பசங்க போன்ல படம் அனுப்பினாங்க. கதவு மாதிரித் திரும்பறேன்னு போட்டிருந்துச்சு."

"நல்ல கதவுங்களும் இருக்கு," என்றார் நெஸ்டர்.

லூபா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன போர்டு? என்ன கதவு?"

பையன் ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இன்னொரு கிண்ணம் சூப் கிடைக்குமா என்று கேட்டு, அதையும் குடித்துவிட்டுக் கீழ் அறைக்குப் போனான்.

"ஏழா போட்டே?"

"இருபதுக்கு."

"அது எனக்குத் தெரியுது. நெஸ்டர், ஜனவரி பதினஞ்சாம் தேதி ஒரு பெரிய காலேஜ் கோச் இவன் ஆட்டத்தைப் பாக்க வர்றார். அவருக்குப் பிடிச்சா நாலு வருஷப் படிப்பு செலவில்லாம முடியும். இவன் அம்மா பேக்கரியில மாவு பிசையறா, வீட்ல இவனுக்குக் கீழ மூணு பேரு. அன்னிக்கு இவன் இங்க பனியில இறங்கி ஆடணும். அதுக்கு முன்னால இவன் மூட்டை கட்டினா, கூடவே நீயும் உன் காகிதமும் கிளம்பிடலாம்."

"மார்க்குங்கறது மார்க்கு, லூபா. கோதுமைக்காரன் அழுதான்னு நான் தரத்தை மாத்தினதில்ல."

"அதனாலதான் உனக்கு ஓய்வு விருந்துல கேக்குகூட வெட்டல," என்றாள் லூபா.

அடுத்த ஆட்டத்தில் கோல்பி இரண்டாவது செட்டில் இறங்கினான். கோல் அடிக்கும் முன்வரிசைக்காரர்கள் மூன்று மூன்று பேராக நாலு செட். முதல் செட்டுக்குத்தான் பனியில் அதிக நேரம் கிடைக்கும். நாலாவது செட் பெரும்பாலும் பெஞ்சைச் சூடாக்கும். ஏழு மார்க் வாங்கியவன் நாலிலிருந்து இரண்டுக்கு ஏறியது நெஸ்டருக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிறு ஆறு போட்டார். பையன் முதல் செட்டுக்குப் போய்விட்டான். போன சூட்டோடு இரண்டு கோல் அடித்தான்.

"யோவ், உன் ஆறு மார்க்கு பையன் என்ன போடு போடறான் பாத்தியா?" என்றார் ஹார்வி. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அரங்கில் நெஸ்டருக்கு இடப்பக்கத்து நாற்காலி அவருடையது.

"கோல் போட்டான். எப்படிப் போட்டான்னு பாத்தியா? வட்டு அவன் முழங்கால்ல பட்டு உள்ள போச்சு."

"ரெண்டுமேவா?"

"ரெண்டு முழங்கால் இருக்குல்ல."

வலப்பக்கத்து நாற்காலிக்காரர் லியோனல். மருந்துக்கடைக்காரர், அதனால் மெதுவாகத்தான் பேசுவார். "நாலு வருஷம் முன்னால ஒரு நெட்டை கோல்கீப்பருக்கு அஞ்சு போட்டியே, நெஸ்டர். அவன் இப்ப பெரிய லீக்ல இருக்கான்."

"நான் அஞ்சு போட்ட ரோஷத்துலதான்யா அவன் முன்னேறினான். ஒரு கடுதாசியாவது போட்டிருக்கலாம்."

"பத்தொம்பது போட்டியே ஒரு செம்பட்டை முடிக்காரனுக்கு?"

"அவனை வேற ஊர் டீமுக்கு மாத்திட்டாங்க. அந்த ஊர்த் தண்ணி அவனுக்கு ஒத்துக்கல."

"இப்ப டயர் கடை வச்சிருக்கான்."

"கடை அமோகமாப் போகுதாம். நெஞ்சுக்கு அஞ்சு போட்டேனே, வீணாப் போகுமா?" என்றார் நெஸ்டர்.

ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். நெஸ்டரின் மதிப்பு தெரிந்த ஒருவர் இருந்தார். பேட்ஜர்ஸின் மேனேஜரும் கோச்சும் ஆன ரஸ்ஸல். சிறிய டீம் என்பதால் இரண்டு வேலையும் அவர் தலையில்தான். ஞாயிறுதோறும் கேன்டீனுக்கு வருவார். பலகை முன்னால் நின்று மதிப்பீட்டை ஒரு வரி விடாமல் படிப்பார். போனை எடுத்துப் படம் பிடித்துக்கொள்வார். "தேங்க்ஸ், நெஸ்டர்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தையில் நெஸ்டருக்கு ஒரு வாரம் ஓடும்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் காலை மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி. என்ஜின் உறையாமல் இருக்க ராத்திரி அதைச் சூடாக்கும் கரண்ட் வயரை மாட்ட மறந்துவிட்டதால், கோல்பி வாங்கியிருந்த ஓட்டைக் கார் உறுமக்கூட இல்லை. பயிற்சி எட்டு மணிக்கு. ஆனால் அவன் ஆறரைக்கே போகவேண்டும் என்றான். லூபா நெஸ்டரின் கையில் கார்ச் சாவியை வைத்தாள்.

இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம். கால் மரத்துப்போயிருந்ததால் நெஸ்டர் உள்ளே போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். காலி அரங்கில் கோல்பி மட்டும் தனியாக இருந்தான். இடது பக்கம் திரும்பினான். விழுந்தான். எழுந்தான். மறுபடி இடது பக்கம் திரும்பினான். நெஸ்டர் வழக்கப்படி எண்ண ஆரம்பித்தார். நாற்பது தடவை விழுந்தான். நாற்பத்தோராவது தடவை விழவில்லை. அதற்கப்புறமும் நிறுத்தாமல் திரும்பிக்கொண்டே இருந்தான்.

காலுக்கு ஒன்று போட்டு, கதவு என்று எழுதியதைத்தான் அவன் சரிசெய்துகொண்டிருக்கிறான் என்பது மெல்ல அவருக்கு உறைத்தது. இரண்டு மாதமாகத் தினமும் இந்நேரத்துக்கு வந்திருக்கிறான். வீட்டில் ஒரு நாள்கூட முகம் கோணியதில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சொல்லாமலே வாசல் பனியையும் தள்ளிவிடுகிற பையன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கோதுமை மணிகூடத் தன்னைத் தானே தரம் உயர்த்திக்கொண்டு அவர் பார்த்ததில்லை.

பயிற்சி முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோல்பி கேட்டான்: "இப்ப எந்தக் கதவு சார்?"

நெஸ்டர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பெரிய ஓட்டல் வாசல்ல சுத்திக்கிட்டே இருக்குமே, அது."

அந்த ஞாயிறு பதினாறு போட்டார். பொய் இல்லை, தயவும் இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதினார். 'கால்: நான்கு. கை: நான்கு. தலை: மூன்று. நெஞ்சு: ஐந்து. எதிர்காலம் உண்டு.' லூபா அன்று மூன்று விதப் பூரணம் வைத்துப் பெரோகிக் கொழுக்கட்டை செய்தாள். ரஸ்ஸல் பலகையின் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். படம் பிடித்துக்கொண்டார். "இது நிச்சயமா, நெஸ்டர்?" என்று கேட்டார்.

"என் பேர் போட்டிருக்கேன்ல," என்றார் நெஸ்டர்.

புதன்கிழமை ஆட்டத்தில் கோல்பி மூன்றாவது செட்டில் இருந்தான்.

ரஸ்ஸல் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது என்று நெஸ்டர் முடிவு செய்தார். எழுத்து பொடியாக இருந்துவிட்டது. அடுத்த வாரம் பெரிய எழுத்தில் பதினேழு போட்டார். நாலாவது செட். அதற்கடுத்த வாரம் பதினெட்டு போட்டு, சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்தார். அந்த வெள்ளிக்கிழமை கோல்பியை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆட்டத்தில் இல்லாதவர்கள் கோட்டு போட்டு டை கட்டிக்கொண்டு பார்வையாளர் பக்கத்தில் உட்காரவேண்டும். கோல்பி கோட்டு போட்டுக்கொண்டு, சோளப்பொரி வாங்கிக்கொண்டு நெஸ்டருக்கும் ஹார்விக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தான். ஆள் பக்கத்தில் இருக்கிறானே என்று அந்த வரிசையில் யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை.

"இவன் கை பரவாயில்ல," என்றார் ஹார்வி, கோல்பியின் சோளப்பொரியில் கைவிட்டபடி.

"காலும் இப்ப தேவலாம்," என்றார் லியோனல். "தலைதான் எப்படின்னு தெரியல."

"பக்கத்துல பாத்தா பெரிசாத்தான் இருக்கு."

கோல்பி தலையை ஆட்டி ஆமோதித்தான்.

"ஆனா பதினெட்டு ரொம்ப ஜாஸ்தி," என்றார் ஹார்வி. "யோவ் நெஸ்டர், செப்டம்பர்ல ஏழு, டிசம்பர்ல பதினெட்டு. நடுவுல என்ன மாறுச்சு? பையன் உன் வீட்ல சாப்பிடறான், அவ்வளவுதானே? லூபாவோட பெரோகிக்குத்தான் நீ மார்க் போடறே. ரஸ்ஸலுக்கு அது தெரியாதா?"

நெஸ்டருக்குச் சுருக்கென்றது. கூடவே விஷயமும் விளங்கிவிட்டதாகப் பட்டது. அதுதான் காரணம். ஒருதலைப்பட்சம் என்று ரஸ்ஸல் சந்தேகப்படுகிறார். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டால் பையன் முதல் செட்டுக்குப் போய்விடுவான்.

"நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா மார்க் போடுங்க," என்றார். "நான் பாக்க மாட்டேன். மூணையும் கூட்டி மூணால வகுத்து எழுதறேன். மூணு பேரும் கையெழுத்துப் போடுவோம்."

ஹார்வி அடுத்த நாலு பயிற்சிக்கு மூக்குக் கண்ணாடியோடு வந்தார். லியோனல் மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் குறிப்பெடுத்தார். இருவரும் நாணயமானவர்கள். ஹார்வி பதினேழு போட்டார். லியோனல், தன் வாழ்நாளில் முதல் தடவையாக வேகமாகப் பேசி, பத்தொன்பது என்றார். நெஸ்டரின் பதினெட்டையும் சேர்த்து வகுத்தால் பதினெட்டேதான் வந்தது. மூன்று கையெழுத்தோடு அந்தக் காகிதம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பலகையில் ஏறியது.

ரஸ்ஸல் அன்று இரண்டு படம் எடுத்தார். "மூணு பேருமா?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு பேரும்," என்றார் நெஸ்டர். லியோனல் கையை உயர்த்திக் காட்டினார்.

விடுமுறைக்குப் பிறகு வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பிய பஸ்ஸில் கோல்பியை ஏற்றவே இல்லை.

அந்தப் பஸ் போன பிறகு கோல்பி வீட்டுக்கு வந்து, பனி தள்ளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வாசலைச் சுத்தம் செய்தான். பிறகு பக்கத்து வீட்டு வாசலை. பிறகு அதற்கும் அடுத்த வீட்டை. தெருக்கோடிவரை போய்விட்டான். லூபா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலேஜ் கோச் வர்றதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு," என்றாள். "வந்து யாரைப் பாப்பார்? இவன் சோளப்பொரி தின்னறதையா? நீ பெரிய மதிப்பீட்டுக்காரன்தானே, ஏதாவது செய்யேன்."

ஒன்பதாம் தேதிக்குள் வேறொரு செய்தியும் ஊரில் பரவிவிட்டது. டீம்கள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள ஜனவரி பத்து, மதியம் இரண்டு மணிதான் கடைசிக் கெடு. ரஸ்ஸல் ஒரு தடுப்பாட்டக்காரனைத் தேடுகிறாராம். பதிலுக்குக் கோல்பியை வடக்கே, கடைசி இடத்தில் கிடக்கும் ஒரு டீமுக்குத் தரப்போகிறாராம். எட்டு மணி நேரப் பயணம். அந்த ஊருக்கு எந்தக் காலேஜ் கோச்சும் போவதில்லை. ரொட்டி வண்டியே வாரம் ஒருதடவைதான் போகும்.

"ரஸ்ஸல்கிட்ட போய்ப் பேசு," என்றாள் லூபா.

"தரம் போடறவன் போய்க் கெஞ்சினா அப்புறம் அவன் தரத்துக்கு என்ன மரியாதை?"

"அப்ப என்ன பண்ணப்போறே?"

நெஸ்டர் ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் படுக்கையைவிட்டு எழுந்தார். பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு உள்ளூர் ரேடியோவில் ஊர்க்காரர்கள் போன் செய்து பேசும் நிகழ்ச்சி உண்டு. பெரும்பாலும் தொலைந்த நாய்களைப் பற்றித்தான் பேசுவார்கள். ரஸ்ஸலின் அலுவலகத்தில் அந்த ரேடியோ நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

சமையலறையில் நின்றபடியே நெஸ்டர் போன் செய்தார். ஒரு பழுப்பு நாய்க்கு அடுத்து அவர் முறை வந்தது.

"நான் நெஸ்டர் பாபியாக் பேசறேன். கோல்பி அன்ரூவுக்கு என்னோட மார்க் இருபதுக்கு இருபது."

ரேடியோக்காரர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் யாருக்கும் இருபது போட்டதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றார் நெஸ்டர். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. "செப்டம்பர்ல இதே பையனுக்கு ஏழு போட்டேன். அது தப்பு. நான் தப்பாப் பாத்துட்டேன். இவ்வளவு வருஷத்துல நான் இப்படிச் சொன்னதில்ல, இனிமேலும் சொல்ல மாட்டேன். இந்த மாதிரி ஒரு பையன் நம்ம ஊருக்குத் திரும்பக் கிடைக்க மாட்டான். இவனை அனுப்பறவனுக்குக் கண்ணு இல்லைன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

போனை வைத்தார். லூபா பாத்திரம் துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லை அவளும் கேட்டதில்லை. அவருக்கு ஒரு முட்டைகோஸ் உருண்டை எடுத்து வைத்தாள். காலை ஒன்பதரைக்கு.

ஹார்வி போன் செய்தார். "யோவ், இருபதா?" என்றார். "இருபது," என்றார் நெஸ்டர். "சரி, அதுக்கு நானும் கையெழுத்துப் போடறேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. கோல்பி பயிற்சிக்குப் போனவன் இன்னும் வரவில்லை. நெஸ்டர் ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். மனசு லேசாகத்தான் இருந்தது. செய்யவேண்டியதைச் செய்தாயிற்று. இரண்டு மணி தாண்டிவிட்டால் போதும், அப்புறம் யாராலும் பையனை அசைக்க முடியாது.

பன்னிரண்டரைக்கு வாசல் மணி அடித்தது. டூகி நின்றுகொண்டிருந்தான். டீமின் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவன். பனியில் வழுக்கி ஓடும் ஸ்கேட் காலணிகளைத் தீட்டுவது, சட்டை துவைப்பது, பஸ்ஸில் பை ஏற்றுவது எல்லாம் அவன் வேலை. கையில் மடித்த காலிப் பை ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் லூபா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

டூகி பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கோல்பியோட இன்னொரு ஜோடி ஸ்கேட்டு இங்க இருக்குன்னாங்க, அண்ணே. எடுத்துட்டு வரச் சொன்னார் ரஸ்ஸல்."

"எதுக்கு?" என்றார் நெஸ்டர்.

"வடக்கே அனுப்பறாங்க."

"முடிஞ்சிருச்சா?"

"இன்னும் கையெழுத்துப் போடல. பேப்பர் மேஜை மேலதான் இருக்கு. ரஸ்ஸல் கேன்டீன்ல சாப்பிட்டுக்கிட்டிருக்கார், சாப்பிட்டதும் போட்டுடுவார். பையன்கிட்ட இன்னும் சொல்லல. சொல்றதுக்கு எனக்கும் மனசு வரல. வேலைக்கு வந்த நாள்லேருந்து பாக்கறேன், தன் ஈரச் சட்டையைத் தானே உலர்த்திப்போட்ட ஒரே ஆள் அவன்தான்."

"அவன் அம்மாவுக்கு நான் என்ன சொல்வேன்?" என்றாள் லூபா.

நெஸ்டர் டூகியின் முன்னால் வந்து நின்றார். "டூகி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. காலையில ரஸ்ஸல் ரேடியோ கேட்டாரா இல்லையா?"

"கேட்டார்."

"முழுசா?"

"ஆபீஸ் கதவை மூடிட்டு, சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேட்டார்."

"நான் இருபது போட்டேன்னு அவர் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அண்ணே. அதுவரைக்கும் அனுப்பலாமா வேணாமான்னுதான் இருந்தார். நீங்க இருபதுன்னதும் போனை எடுத்துட்டார்."

"அவருக்கு என் பேச்சுல இப்படி ஒரு அவநம்பிக்கையா?" என்றார் நெஸ்டர். "பன்னிரண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்து படம் பிடிச்சுக்கிட்டுப் போனாரே."

டூகி லூபாவைப் பார்த்தான். பிறகு காலிப் பையை மேஜையின் மேல் வைத்துவிட்டு, கதவில் தொங்கிய நெஸ்டரின் கோட்டை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"நம்பாம இல்லண்ணே, உங்களை மட்டும்தான் நம்பறார்: நீங்க தேறமாட்டான்னு எழுதினவனை அவர் விட்டதில்ல, ஆகா ஓகோன்னு எழுதினவனை வச்சுக்கிட்டதில்ல, அதனால இப்பவே கேன்டீனுக்கு வந்து, அவர் சாப்பிட்டு எழுந்திருக்கறதுக்குள்ள, பையனுக்கு ஒரு ரெண்டு மார்க்காப் போட்டு ஒட்டிடுங்க."